பருவ உணவும் பனிக்கட்டியும்



உடுமலைப்பேட்டைச் சந்தைக்கு ஒரு நாள் விடியற்காலையில் சென்று பாருங்கள். மலையடிவாரத்துத் தோட்டங்களிலிருந்தும், குடிமங்கலம், பெதப்பம்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்த தக்காளி, 14 கிலோ கொள்ளும் பெட்டிகளில் அடுக்கடுக்காக நிற்பதைக் காண்பீர்கள். கேரளத்து வணிகரும் அங்கு வந்து வாங்கிச் செல்வர். கதிரவன் மேலே ஏறுவதற்குள் விற்பனை முடிந்தாக வேண்டும். ஏனெனில், தக்காளி யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், அச்சந்தையிலிருந்து திரும்பும் வழியில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். பள்ளியில் கணக்கில் முதலாக நின்றவர். பின்னர்த் தந்தையாரின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். அவர் ஒரு வண்டித் தக்காளியைச் சாலையோரப் பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். "என்னப்பா இது?" என்று கேட்டேன். "பறிக்கற கூலிக்கே கட்டுபடியாகலீங்க சார். திருப்பி எடுத்துட்டுப் போனா வண்டி வாடகையும் சேந்துக்குமுங்க" என்றார். கணக்கில் வல்லவராகிய அவர் போட்ட கணக்கில் தவறு காண என்னால் இயலவில்லை.

இந்நிலை ஒருவருக்கு மட்டும் வந்ததன்று. 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நாட்டின் பல நகரங்களில் ஒரு கிலோ தக்காளி 100 ரூபாயைக் கடந்து விற்றது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே பல சந்தைகளில் உழவர் கைக்கு வந்த விலை கிலோவுக்குச் சில ரூபாயாக வீழ்ந்தது. மிகுந்த நாளில் எறிந்தோம். அரிதான நாளில் ஏங்கினோம். இவ்விரு நாள்களுக்கும் நடுவே பாலம் அமைப்பது எப்படி? அதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில், உணவு ஏன் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். பறித்த காயும் சமைத்த குழம்பும் இருவகைப் பகைவர்களுக்கு இரையாகின்றன. முதல்வகை, வெளியிலிருந்து வரும் நுண்ணுயிர்கள்: பாக்டீரியாக்கள், பூஞ்சைகள், ஈஸ்டுகள். இரண்டாவது வகை, காயின் உள்ளேயே இருக்கும் நொதிகள். காய் செடியிலிருந்தபோது அதனை முதிரச் செய்தவை இந்நொதிகளே. பறித்த பின்பும் அவை தம் தொழிலை நிறுத்துவதில்லை. நிறம் மங்குவதும், மணம் மாறுவதும், சதை குழைவதும் பெரும்பாலும் அவற்றின் செயலே. இவ்விரு பகைவர்க்கும் நீர் வேண்டும். இதமான வெப்பமும் வேண்டும். நீரைப் பறித்தாலும் அவை முடங்கும். வெப்பத்தைப் பறித்தாலும் முடங்கும். உணவைப் பேணும் கலையின் பெரும்பகுதி இவ்விரண்டனுள் அடங்கிவிடும்.

நீரைப் பறிக்கும் வழியை நம் கொங்கு நாட்டுப் பெண்மணிகள் நெடுங்காலமாக அறிவர். என் அப்பத்தா மாசி, பங்குனி மாதங்களில் வாசலை விட்டு நகரமாட்டார். கொத்தவரை வற்றல், சுண்டை வற்றல், மோர்மிளகாய், வெங்காய வடகம் என்று ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பி, காக்கையை ஓட்டக் கையில் ஒரு கோலுடன் எங்களைக் காவல் வைப்பார். கறி மிகுந்த நாளில் அதனை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து உலர்த்துவார், அதுவே உப்புக்கண்டம். ஏன் இவ்வளவு பாடு என்று ஒரு நாள் கேட்டேன். "மழை மாசத்துக்கு இப்பவே கொஞ்சம் வெயில எடுத்து வெக்கோணுஞ் சாமி" என்றார். பள்ளிப் படிப்பு இல்லாத அம்மூதாட்டி சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவான ஒன்றை நான் பின்னாளில் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

அப்பத்தாவின் முறையை எண்களால் அளந்து பார்ப்போம். தக்காளியில் நூற்றுக்கு 94 முதல் 95 பங்கு நீர். ஒரு பெட்டித் தக்காளியை, அதாவது 14 கிலோவை, நறுக்கி நன்றாக உலர்த்தினால் எஞ்சுவது ஏறக்குறைய ஒரு கிலோதான். பதின்மூன்று கிலோ நீரை வெயில் கூலி வாங்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சிய ஒரு கிலோவில் நுண்ணுயிர் வாழப் போதிய ஈரம் இல்லை. உப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. பண்டத்தின் உள்ளிருக்கும் நீரை அது வெளியே இழுத்துக்கொள்கிறது. எஞ்சிய நீரையும் நுண்ணுயிர்கள் பயன்படுத்த முடியாதபடி பற்றிக்கொள்கிறது. ஊறுகாய் கெடாதிருப்பதற்கு இவ்வுப்பும், மாங்காய், எலுமிச்சை ஆகியவற்றின் புளிப்பும் காரணம்.

இனி, வெப்பத்தைப் பறிக்கும் வழிக்கு வருவோம். பனி விழும் நாடுகளில் இஃது இயல்பாகவே கைவந்தது. நம் நாட்டிலோ பனிக்கட்டியைக் கண்ணால் காண்பதே ஒரு காலத்தில் வியப்பு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டியெடுத்து 1833ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். புறப்பட்டபோது ஏறக்குறைய 180 டன். நான்கு மாதப் பயணத்தில் வெப்பமண்டலக் கடல்களைக் கடந்து வந்த பின்னும் 100 டன் அளவுக்கு உருகாமல் எஞ்சியது. சென்னையிலும் அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கடற்கரையோரம் ஒரு கட்டடம் எழுந்தது. மக்கள் அதனை ஐஸ் ஹவுஸ் என்றனர். பனிக்கட்டி வணிகம் நின்ற பின்னர், 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அக்கட்டடத்தில்தான். இன்று அது விவேகானந்தர் இல்லம் என்னும் பெயருடன் விளங்குகிறது.

பின்னர் எந்திரத்தால் குளிரை உண்டாக்கும் முறை வளர்ந்தது. நம் பகுதிக்கு அதன் வாயில் திறந்தது மின்சாரத்தால். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூரின் ஆலைகள் அதனால் பெருகின. எனினும், சிற்றூர் வீடுகளுக்கு விளக்கு வரவே பல ஆண்டுகள் ஆயின. குளிர்சாதனப் பெட்டி அதற்கும் நெடுநாள் கழித்தே வந்தது. இன்று அது பல வீடுகளில் இருக்கிறது. ஆயினும் அதன் மேலறையை, மக்கள் ஃப்ரீசர் என்று கூறும் உறைநிலை அறையை, பனிக்கட்டி செய்வதற்கு மட்டுமே பயன்படுத்துவோர் பலர்.

உறையவைத்தலில் ஒரு நுட்பம் உண்டு. அதனைக் கண்டறிந்து தொழிலாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர். 1910களில் அவர் கனடாவின் வடகிழக்கில் உள்ள லாப்ரடார் பகுதியில் வாழ்ந்தார். கடுங்குளிர் நாள்களில் அங்குள்ள இன்யூட் மக்கள் பிடித்த மீன் நொடிப்பொழுதில் விறைத்துப்போவதையும், பல வாரங்கள் கழித்துச் சமைத்தாலும் புது மீன் போலவே சுவைப்பதையும் கண்டார். மெதுவாக உறைந்த மீனுக்கு அச்சுவை இல்லை. காரணம் என்ன? நீர் உறையும்போது பருமனில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு விரிகிறது. மெதுவாக உறைந்தால் பெரிய பெரிய பனிப்படிகங்கள் தோன்றி, திசுக்களின் சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. விரைவாக உறைந்தால் படிகங்கள் சிறியன, சேதமும் சிறிது. இவ்வுண்மையின் மேல் அவர் எழுப்பிய தொழிலின் பொருள்கள் 1930ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரக் கடைகளில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன.

ஆகவே வீட்டில் உறையவைப்போர் முதலில் கற்க வேண்டிய பாடம் விரைவு. பண்டத்தைச் சிறு சிறு பொதிகளாக, தட்டையாகப் பரப்பி வைக்க வேண்டும். ஒரே நாளில் அறை நிறையத் திணித்தால் எல்லாமே மெதுவாக உறையும், எல்லாமே குழையும். ஒரு பொதியில் ஒரு வேளைக்கு வேண்டிய அளவே இருத்தல் நன்று. அறையின் குளிர் சுழிக்குக் கீழ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது பாடத்தை நாங்கள் நட்டப்பட்டுக் கற்றோம். ஓராண்டு தைத் திங்களில் பச்சை மொச்சை மலிவாகக் கிடைத்தது. நானும் என் மனைவியும் இரவெல்லாம் உரித்து, அப்படியே பையிலிட்டு உறையவைத்தோம். சித்திரையில் எடுத்துக் குழம்பு வைத்தால், மொச்சையின் மணமே இல்லை. காய்ந்த வைக்கோல் போன்ற ஒரு வாடை. குளிரில் நுண்ணுயிர்கள் முடங்கினாலும் நொதிகள் முழுமையாக ஓய்வதில்லை என்பதை நான் மறந்துவிட்டேன். மொச்சை, பச்சைத் துவரை, அவரை, பீன்ஸ் முதலியவற்றைக் கொதிக்கும் நீரில் இரண்டு அல்லது மூன்று நிமிடம் அமிழ்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டு ஆறவைத்து, ஈரம் வடித்த பிறகே உறையவைக்க வேண்டும். அக்கொதிநீர் நொதிகளின் செயலை அழிக்கிறது. குளிர்நீர், காய் வெந்துபோகாமல் காக்கிறது.

தக்காளிக்கு அவ்வளவு வேலை இல்லை. நன்கு பழுத்ததைக் கழுவித் துடைத்து முழுதாகவே உறையவைக்கலாம். வேண்டும்போது எடுத்து நீரில் காட்டினால் தோல் தானே கழன்றுவிடும். அதன் உறுதி போய்விட்டிருக்கும். ஆதலின் பச்சையாக உண்ண உதவாது. ரசத்துக்கும் குழம்புக்கும் மிகவும் ஏற்றது. வெங்காயமும் தக்காளியும் வதக்கிய கூட்டை ஆறவைத்துச் சிறு கட்டிகளாக வைத்துக்கொள்வதும் நன்று. துருவிய தேங்காய், விழுதாக அரைத்த இஞ்சி, பூண்டு ஆகியனவும் நன்றாக நிற்கும். உருளைக்கிழங்கு சேர்ந்த குழம்பு நன்றாக அமையாது, கிழங்கு மாவாகிவிடும். கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை ஊற்றி வைத்தால், முன் சொன்ன 9 பங்கு விரிவு புட்டியை உடைத்துவிடும். பொதியின் உள்ளே காற்று தங்காமல் நன்றாக மூடவும் வேண்டும். மூடாவிடில் பனியே நேராக ஆவியாகி, பண்டத்தின் மேற்புறம் வறண்டு வெளுத்துப்போகும்.

வியப்பைப் பாருங்கள்! நமக்குக் குறையாகத் தோன்றும் இவ்வறட்சியையே தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாணர் ஒரு கலையாக்கினர். உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் உருகும்போது காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்துவர். சூன்யோ எனப்படும் அப்பண்டம் ஆண்டுக் கணக்கில் கெடாது. குளிரும் வெயிலும் அங்கே ஒன்றாக உழைக்கின்றன.

மூன்றாவது பாடமே இப்பேச்சின் உயிர். ஆதலின் கருத்தூன்றிக் கேளுங்கள். குளிர் நுண்ணுயிர்களை உறங்க வைக்கிறது, கொல்வதில்லை. உறையவைத்த பொதியில் அவற்றுட் பல உயிருடனே கிடக்கின்றன. வெப்பம் திரும்பியவுடன் அவை விழித்துப் பெருகத் தொடங்கும். ஆகவே, அழுகத் தொடங்கிய காயை உறையவைத்தால் அழுகத் தொடங்கிய காயே திரும்பக் கிடைக்கும். சமைத்த உணவைக் காலையில் வைத்து மாலைவரை அடுப்படியிலே விட்டுவிட்டு, மிஞ்சியதை இரவில் உறையவைப்பது பெருந்தவறு. ஏறக்குறைய 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் நுண்ணுயிர்கள் செழிக்கும் இடம். நம் கோடை அவ்வெல்லைக்குள்ளேயே இருக்கிறது. சமைத்ததை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி விரைவில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்குள் வைத்துவிட வேண்டும். உறைந்ததை இளக்கும்போது வெளியில் வைக்கலாகாது. குளிர்சாதனப் பெட்டியின் கீழறையில் முதல் நாள் இரவே வைத்துவிட வேண்டும். பின் நன்றாகக் கொதிக்கவைத்தே உண்ண வேண்டும். சில நுண்ணுயிர்கள் விட்டுச்சென்ற நஞ்சு கொதித்தாலும் போகாது என்பதையும் மறவாதீர்கள். ஐயம் எழுந்த உணவைச் சுவைத்துப் பார்க்காமல் எறிந்துவிடுவதே அறிவு.

வற்றலுக்கும் உறைந்த பொதிக்கும் உள்ள பெரிய வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. வற்றல் எவரையும் நம்பி இல்லை; மூடிய பாத்திரம் ஒன்றே போதும். உறைந்த பொதியோ மின்சாரத்தை நம்பியிருக்கிறது. மின்சாரம் நின்றால், நிறைந்திருக்கும் ஃப்ரீசர் கதவு திறக்கப்படாமல் இருந்தால் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும். ஆனால், நாம் வெளியூர் சென்றிருந்தபோது மின்சாரம் எவ்வளவு நேரம் நின்றது என்பதை எப்படி அறிவது? ஒரு சிறு கிண்ணத்தில் நீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் அச்சமில்லை. அடியில் உறைந்து கிடந்தால், நீர் முழுதும் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். அவ்வாறாயின் உள்ளிருந்த சமைத்த உணவையும் இறைச்சியையும் உண்ணாதீர்கள். ஒரு திருமணத்துக்குச் சென்று மூன்றாம் நாள் திரும்பியபோது, எங்கள் வீட்டு நாணயம் கிண்ணத்தின் அடியில் கிடந்தது. பார்வைக்கு எல்லாப் பொதிகளும் கல் போலவே இருந்தன. நாணயம் இல்லாவிடில் அவற்றைப் பேரப்பிள்ளைகளுக்குப் பரிமாறியிருப்போம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கடையில்தான் எல்லாம் கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டை எண்ணிப் பாருங்கள். உடுமலைப் பக்கத்தில் எத்தனையோ தாய்மார் நூற்பாலைகளில் ஷிப்டு வேலைக்குச் செல்கின்றனர். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் தோட்டத்து வீடுகளில் அடுப்பு மூட்டவே நேரம் இருப்பதில்லை. உங்களுக்குத் தேர்வு வரும் மாதங்களும் அத்தகையனவே. ஓய்ந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால், நெருக்கடி மிகுந்த மாதத்தில் பல மாலைப்பொழுதுகள் மிச்சமாகும். அவ்வாறு மிச்சமாவது பெரும்பாலும் உங்கள் தாயாரின் உழைப்பு. ஆதலின் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை தாயார்க்கு மட்டும் உரியதன்று. மொச்சை உரிக்க ஆண்பிள்ளைகளுக்கும் பத்து விரல்கள் இருக்கின்றன.

ஒரு சோதனையும் சொல்கிறேன், செய்து பாருங்கள். கால் கிலோ மொச்சையை இரண்டாகப் பகுத்து, ஒரு பங்கைக் கொதிநீரில் அமிழ்த்தி எடுத்தும், மற்றொன்றைப் பச்சையாகவும் உறையவையுங்கள். பையின் மேல் நாளைக் குறியுங்கள். மூன்று திங்கள் கழித்து இரண்டையும் தனித்தனியே வேகவைத்துச் சுவைத்துப் பாருங்கள். நொதிகளைப் பற்றி நான் சொன்னது உங்கள் நாவுக்கே விளங்கும்.

நிற்க. என் மாணவர் கொட்டிய வண்டித் தக்காளிக்கு இவையெல்லாம் விடையாகுமா? நேர்மையாகச் சொன்னால், முழு விடை ஆகா. அவர் மனைவியார் இப்போது விலை சரியும் நாள்களில் இரண்டு பெட்டித் தக்காளியை நறுக்கி உப்பிட்டு உலர்த்துகிறார். ஒரு பெட்டியைக் கொதிக்கவைத்துக் கூழாக்கி உறையவைக்கிறார். வீட்டுக்கும் சுற்றத்தாருக்கும் அது போதும். ஆனால், அத்தோட்டத்தில் விளைவது நூற்றுக்கணக்கான பெட்டிகள். அவற்றைக் காக்க ஒரு வீட்டின் ஃப்ரீசர் என் செய்யும்? ஊருக்கு அருகே குளிர்பதனக் கிடங்குகள் வேண்டும். கூழாக்கும் ஆலைகள் வேண்டும். உழவர் பலர் ஒன்றுகூடி அவற்றை நடத்தும் அமைப்பும் வேண்டும். இத்துறைக்கென்றே மைசூரில் 1950இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. 1971இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்வி நிலையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கெல்லாம் சென்று கற்க வேண்டியவர்கள் நீங்கள்.

கற்கச் செல்லும்போது, வாசலில் பாய் விரித்து வெயிலைச் சேர்த்துவைத்த மூதாட்டியரையும் நினைவிற் கொள்ளுங்கள். அவர்கள் தொடங்கிய வேலையில் எஞ்சியிருப்பதைத்தான் நீங்கள் முடிக்க வேண்டும். அடுத்த முறை சந்தையில் தக்காளி குவியும்போது, அந்தச் சாலையோரப் பள்ளம் வெறுமையாக இருக்கக் காண வேண்டும் என்பது இந்த ஆசிரியனின் ஆசை.